அம்மப்பாவின் கால் பெருவிரல்

அம்மாவும் மாமாவும் கடிதம் எழுதிய விதமே வேறு. அம்மா ஃபுல்ஸ்கேப் தாளில் இடப்பக்கம் நாலு விரல் அகலத்தை வெறுமையாக விட்டுவிட்டு எழுதுவார். மாமா தனியாகப் பதில் எழுதுவது குறைவு. அந்த வெறும் இடத்தில் பென்சிலால் நெருக்கி நெருக்கிப் பதிலை எழுதி, அதே தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதை வாசித்து அம்மாவுக்குச் சூடு ஏறினால் சிவப்பு மையில் மறுப்பு எழுதி மறுபடியும் தபாலில் போடுவார். சில தாள்கள் யாழ்ப்பாணத்துக்கும் வேல்ஸுக்கும் இடையில் இப்படி அலைந்து மடிப்புகளில் கிழிந்தே போய்விட்டன. ஏன் இந்த முறை என்று ஒருநாள் கேட்டேன். "தனித்தாளில எழுத விட்டால் கேட்டதுக்குப் பதில் சொல்லாமல் தன்ர புல்லைப் பற்றியே எழுதுவான்" என்றார் அம்மா.

அதனால் எனக்கு ஒரு வசதி. சாதாரணமாக ஒரு வீட்டில் வந்த கடிதங்கள்தான் இருக்கும், போனவை இருக்காது. இங்கே இரண்டு பேரும் ஒரே தாளில் இருக்கிறார்கள். மலிபன் பிஸ்கட் தகரம் ஒன்றுக்குள் எல்லாம் கிடக்கின்றன. இங்கே திருகோணமலையில் உப்புவெளிக் காற்றில் தகரம் துருப்பிடித்துவிட்டது, தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அம்மா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்பித்தார். 1974இல் அது வளாகமாகத் தொடங்கி அதிக காலம் ஆகாத நாட்களில் சேர்ந்தவர். சங்க இலக்கியம் அவருடைய பாடம். மாமா அம்மாவுக்கு இளையவர். பேராதனையில் தாவரவியல் படித்துவிட்டு எழுபதுகளின் தொடக்கத்திலேயே வெளிக்கிட்டவர். வேல்ஸில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்குமான புல்லினங்களை விருத்தி செய்வதுதான் வேலை. "மாட்டுக்குப் புல் போடுறதுக்கா இவ்வளவு படிப்பு?" என்று அம்மம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தா.

1978இல் அம்மா எழுதிய ஒரு கடிதம். முதல் பாதி முழுக்க அம்மப்பாவின் கால்தான். பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கிவிட்டது, போர்வை பட்டாலே கத்துகிறார், இரவில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. "டொக்டர் ஒரு சின்ன மாத்திரை தந்து, வலி குறையும்வரை அல்லது வயிற்றால் போகும்வரை மணிக்கு ஒன்று போடச் சொன்னார். ஐயா இப்போது கால் வலியை மறந்து கக்கூசுக்கு ஓடித் திரிகிறார். மாத்திரையின் பெயர் கொல்சிசின். உனக்குத் தெரியுமோ?"

பக்கத்தில் மாமாவின் பென்சில்: "தெரியுமோவா? என் மேசையில் போத்தலில் இருக்கிறது. ஐயாவை உடனே நிறுத்தச் சொல். வயிற்றால் போகத் தொடங்கினால் அதுதான் எல்லை, அதற்கு மேல் அது நஞ்சு." அதற்குக் கீழே கோடு போட்டு: "இன்னொன்று. நீ வகுப்பில் உருகி உருகிப் படிப்பிக்கிற காந்தளில் இருப்பதும் இதே சாமான்தான். கிழங்கிலும் விதையிலும் நிறைய."

இடையில் ஒரு வார்த்தை. மத்திய வீதிக்குப் பக்கத்தில் நான் பாமசி வைத்திருக்கிறேன். கொல்சிசின் இன்றும் கவுட்டுக்கு, அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வருகிற இந்த வீக்கத்துக்கு, விற்கிற மருந்துதான், அரை மில்லிகிராம் மாத்திரை. இப்போது யாரும் வயிற்றால் போகும்வரை போடச் சொல்வதில்லை, குறைந்த அளவே போதும் என்று தெரிந்துவிட்டது. கிளாரித்ரோமைசின் மாதிரி சில அன்டிபயோட்டிக்கோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் தங்கி ஆளையே முடித்துவிடவும் கூடும். ஆகவே "போன முறை தந்த அதே குளிசை, துண்டு இல்லை, நாலு தாங்கோ" என்று வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் கடுகடுப்பாகத்தான் இருப்பேன். கோபிக்க வேண்டாம்.

சரி, கடிதத்துக்கு வருவோம். புல் ஆராய்ச்சி செய்கிறவன் மேசையில் கவுட் மருந்துக்கு என்ன வேலை என்று அம்மா கேட்டிருக்கிறார். அதற்கு மாமா எழுதிய பதில்தான் எனக்கு இந்தத் தகரத்திலேயே பிடித்தது. ஒரு கலம் இரண்டாகப் பிரியும்முன் தன் நிறமூர்த்தங்களை, அதாவது குரோமோசோம்களை, இரட்டிப்பாக்கிக் கொள்ளும். பிறகு மெல்லிய நார்கள் தோன்றி, ஒரு பங்கை இந்தப் பக்கமும் மறு பங்கை அந்தப் பக்கமும் இழுக்கும். கொல்சிசின் அந்த நார்களை உருவாக விடாது. "காணியைப் பாகம் பிரித்து உறுதியும் எழுதியாயிற்று, வேலி மட்டும் அடைக்கவில்லை என்று வைத்துக்கொள். இரண்டு பங்கும் ஒரே வளவுக்குள் கிடக்கும். 14 நிறமூர்த்தம் உள்ள புல் 28 உள்ள புல்லாகிவிடும். இலை அகலும், சாறு கூடும். 1937இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லியும் ஏவரியும் இதைக் காட்டினார்கள், இன்றைக்கு அதில்தான் எனக்குச் சம்பளம்."

அம்மாவின் சிவப்பு மை: "உன் உதாரணம் வேல்ஸுக்குச் சரி. எங்கட ஊரில முதல் வேலியை அடைச்சுப்போட்டுத்தான் பாகம் பிரிப்பாங்கள்."

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் காந்தள் பித்துப் பிடித்துவிட்டது. குறிஞ்சிப்பாட்டில் அடுக்கப்படும் 99 பூக்களில் முதலாவது செங்காந்தள். குறுந்தொகையின் முதல் பாட்டில் அது குருதிப்பூ. அது நிறத்துக்காக, அதில் சண்டை இல்லை. சண்டை 167ஆம் பாட்டில். புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் கட்டித்தயிரைப் பிசைந்த விரலைக் 'காந்தள் மெல்விரல்' என்கிறார் கூடலூர் கிழார். மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. "காந்தளுக்கு இதழ் ஆறு. எண்ணிப் பார். அதோடு விரிந்த பூவில் இதழ் எல்லாம் மேல்நோக்கி மடிந்து நிற்கும், அடி மஞ்சள், நுனி சிவப்பு. எந்தப் பெண்ணின் கை அப்படி இருக்கும்?"

"உனக்கு எண்ண மட்டும்தான் தெரியும்" என்று தொடங்கி அம்மா இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். உவமை என்பது தலை எண்ணிக்கை இல்லை என்பதுதான் சாரம், வகுப்பில் சொல்வது போலவே கொஞ்சம் நீளம். ஆனால் அந்த 'மேல்நோக்கி' அவரை உறுத்தியிருக்க வேண்டும். தயிர் பிசைகிற கை கீழ்நோக்கித்தானே இருக்கும்.

விடையைக் கொண்டுவந்தது மாமாதான். அங்கே கண்ணாடி வீட்டில் ஒரு கிழங்கை வைத்து வளர்த்திருக்கிறார், ஆராய்ச்சிக்கில்லை, அக்காவை வெல்வதற்கு. பார்த்துவிட்டு எழுதினார்: "தோற்றுப்போனேன். விரிந்த பூவைப் பார்க்காதே, விரிவதற்கு முந்திய நிலையைப் பார். மொட்டு தலைகீழாகத் தொங்குகிறது. இதழ்கள் நீண்டு, வெளிறிய பச்சையாய், ஒன்றோடு ஒன்று சேர்ந்து கீழ்நோக்கி நிற்கின்றன. அப்புறம்தான் மடிந்து மேலே போய் மஞ்சளாகிச் சிவக்கின்றன. தயிருக்குள் விரலை விட்ட கை அதுதான். உன் புலவர் நின்று பார்த்திருக்கிறான். ஆனால் ஆறு ஆறுதான்." பக்கத்தில் படமும் கீறியிருக்கிறார். மொட்டு, பாதி விரிந்தது, முழுக்க விரிந்தது, மூன்றையும். மாமா நன்றாகக் கீறுவார்.

அம்மா அதைத் தன் கட்டுரையில் எடுத்தாண்டார். அடிக்குறிப்பில் போட்டது: "தாவரவியலாளர் ஒருவர் தனிக்கடிதத்தில் தெரிவித்தது." மாமாவுக்கு அது சுட்டது. "ஒருவரா? அந்த ஒருவர் இதுவரை ஒட்டிய முத்திரைக்கு என்ன செலவு தெரியுமா?" அம்மாவின் பதிலில் பகிடி இல்லை. "ஒரு பெண் எழுதியது, ஆதாரம் அவளுடைய தம்பி சொன்னது என்று போட்டால் இங்கே சிரிப்பார்கள். ஒருவர் என்றால் ஏற்பார்கள்." துறைக் கூட்டங்களில் தான் சொன்ன கருத்தை அடுத்த கதிரைக்காரர் திரும்பச் சொல்லும்போதுதான் காதில் விழுகிறது என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார். மாமா அந்த இடத்துக்கு நேரே பதில் ஒன்றும் எழுதவில்லை. ஒரு நேர்கோடு மட்டும் இழுத்திருக்கிறார்.

1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் அம்மாவின் புத்தகங்கள் எல்லாம் வீட்டோடு விடுபட்டன. தகரம் மட்டும் தென்மராட்சிக்குப் போய்த் திரும்பி வந்தது. அடுத்த வருடம் அம்மா கப்பலில் திருகோணமலைக்கு, என்னிடம் வந்தார். தரைப்பாதை இல்லாத காலம். துறைமுகத்தில் சோதனை. ஆமிப் பொடியன் ஒருவன் தகரத்தைத் திறந்தான். உள்ளே முழுக்கத் தமிழ், சிவப்பு மையில் அம்புக்குறிகள், வட்டத்துக்குள் கோடு கோடாகப் படங்கள். கலம் பிரிவதைத்தான் மாமா கீறியிருந்தார், ஆனால் பார்க்கிறவனுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை. "புல், புல்" என்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் சொல்லிப் பார்த்தார். அவன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். வந்தவர் ஏ.எல்லில் பயோ படித்தவராக்கும். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "மைட்டோசிஸ்" என்றார். அடுத்த தாளில் காந்தள். "நியங்கலா" என்று அதன் சிங்களப் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு தகரத்தை மூடித் தந்துவிட்டார்.

பிறகு வந்த வருடங்களில் அந்தப் பூவைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. காந்தள், கார்த்திகைப் பூ என்ற பெயரில், புலிகள் இயக்கத்தின் பூவாகிவிட்டது. 2006இல், மாமா ஓய்வுபெற்று வீட்டோடு இருந்தபோது, ஊர்க் காந்தளையும் தன் கண்ணாடி வீட்டுக் காந்தளையும் ஒப்பிட வேண்டும், காய்ந்த பூவும் கொஞ்ச விதையும் அனுப்பு என்று கேட்டார். மின்னஞ்சலில் கேட்டார், அம்மா தாளில்தான் பதில் எழுதினார். "வேலியில் கார்த்திகை மாதம் தானாகவே பூக்கிறது. பிடுங்குவதா விடுவதா என்று ஒவ்வொரு வருடமும் யோசிக்கிறோம். இதைத் தபாலில் போட்டால் உனக்குப் பூ வராது, எங்களுக்கு ஆட்கள் வருவார்கள். விரும்பினால் எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன்." எழுதியும் இருக்கிறார். இலை நுனி சுருண்டு கம்பியைப் பிடித்திருப்பது, இரண்டு மொட்டு தொங்குவது, மழையில் ஒன்று உதிர்ந்தது. 'பூ' என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை. "பிள்ளை" என்று எழுதியிருக்கிறார். "மூத்த பிள்ளை இன்று சிவந்துவிட்டது." சங்கப் பாட்டுக்கு நாற்பது வருடம் உரை சொன்னவருக்கு இது ஒரு வேலையே இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. அம்மாவிடம் படித்து இன்று விரிவுரையாளராக இருக்கும் ஒருவர் கடிதங்களைப் புத்தகமாக்க ஆசைப்படுகிறார். நல்ல மனிதர், உழைப்பாளி. போன மாதம் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இருந்து எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு போனார். பிறகு ஒரு வரைவு அனுப்பினார். அதில் ஆய்வுக்குரிய பகுதிகள் மட்டும். வீட்டு விஷயங்கள் "வாசகருக்குப் பயன்படா" என்று நீக்கப்பட்டிருந்தன. காந்தள் விவாதம் "கொல்சிசின் நீ வகுப்பில் படிப்பிக்கிற காந்தளில் இருப்பது" என்று திடீரெனத் தொடங்குகிறது. ஏன் தொடங்கியது, யார் கேட்டது, ஒன்றும் இல்லை. அம்மப்பாவின் கால் போயே போய்விட்டது. முத்திரைச் செலவும் போய்விட்டது. துறைக் கூட்டத்துப் பந்தியும் போய்விட்டது, அது பயத்தினால் என்று நினைக்கிறேன்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. கால் வீங்காவிட்டால் மாத்திரை இல்லை, மாத்திரை இல்லாவிட்டால் அந்தப் பெயரை அம்மா கேட்டிருக்கவே மாட்டார், மொட்டைப் பற்றிய குறிப்பும் வந்திருக்காது. ஆய்வு எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம் என்று எழுதினேன். முழுசாகப் போடுவதென்றால் போடுங்கள், இல்லையென்றால் தகரத்திலேயே கிடக்கட்டும். அவர் யோசித்துவிட்டு, மாமாவின் சம்மதத்தையும் கேட்டுச் சொல்லச் சொன்னார். அது நியாயம்தான்.

மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பென்சில் பிடிக்க விரல் வளையாது, வட்ஸ்அப்பில் குரல்பதிவுதான். நேற்று இரவு வந்தது: "பெருவிரல் கட்டாயம் புத்தகத்தில வரவேணும் பிள்ளை. அந்த 'ஒருவர்' ஆரெண்டு இனியாவது அடிக்குறிப்பில போடச் சொல்லு, அக்கா இனி ஒண்டும் செய்யேலாது." கொஞ்சம் இருமிவிட்டு, "மற்றது, எந்தக் கால் எண்டு அக்கா எழுதேல்லை. ஐயாவுக்கு இடது கால். அதையும் சேர்க்கச் சொல்லு."