கம்யூனிட்டி போஸ்டிங்கை லைப்ரரியில் கழிக்காதீர்கள்: என் நீட் எம்.டி.எஸ். அனுபவம்

பல் மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் எம்.டி.எஸ். ரிசல்ட் வந்துவிட்டது. மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். ரேங்க் நன்றாகவே வந்திருக்கிறது, ஆனாலும் கவுன்சலிங்கில் பப்ளிக் ஹெல்த் டென்டிஸ்ட்ரியை, அதாவது ஊர் மக்களின் பல் நலத்தைப் பார்க்கிற பிரிவைத்தான் முதலில் போடப் போகிறேன். "ஏன், ஆர்த்தோ (கோணல் பல்லைச் சீராக்கும் பிரிவு) கிடைக்காதா?" என்று கேட்காதவர்கள் இல்லை.

இந்த முடிவு ரேங்க் பார்த்து எடுத்ததல்ல. இன்டர்ன்ஷிப்பில் தருமபுரி பக்கம் கம்யூனிட்டி போஸ்டிங், அதாவது ஊர் ஊராகப் போய்ப் பல் பார்க்கும் பயிற்சிக்குப் போனபோதே எடுத்தது. அந்த மூன்று மாதத்தில் எப்படியாவது நழுவிப் படிக்கப் போய்விடலாம் என்றுதான் பலரும் பார்ப்பார்கள். 240 கேள்வி, தப்பானால் மைனஸ், பயம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் போங்கள். முடிந்தால் ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான்.

ஒருமுறை போகிற கேம்ப்பில் டார்ச் அடித்து, சொத்தையை எண்ணி, கல்லூரிக்கு வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அந்தச் சீட்டோடு யார் பஸ் ஏறுவார்கள்? மறுபடி அதே ஊருக்குப் போனால்தான் இது உறைக்கும். அதற்கப்புறம் நாங்கள் சீட்டு எழுதுவதைக் குறைத்து, அங்கேயே ஏ.ஆர்.டி., அதாவது கைக்கருவியால் மட்டுமே சொத்தையை எடுத்து அடைக்கிற முறையைச் செய்ய ஆரம்பித்தோம். ஸ்பூன் எக்ஸ்கவேட்டரால் சொத்தையைச் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புக் கலவையைப் பளபளப்பு போவதற்குள் வைத்து, வாசலின் தடவிய விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். டிரில்லும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். 1980களில் தான்சானியாவில் தொடங்கிய முறை என்று புத்தகத்தில் ஒரு வரிதான் வரும். பள்ளி பெஞ்சில் படுத்திருக்கும் குழந்தைக்குச் செய்து, அடுத்த முறை போய் அது நிற்கிறதா என்று பார்த்தவர்களுக்கு அந்த வரி மறக்காது.

ஃப்ளோரோசிஸும் (தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமானால் பல்லில் வரும் கறை) அப்படித்தான். அதன் தீவிரத்தை மதிப்பிடும் டீன்ஸ் இண்டெக்ஸில் அதிகம் பாதித்த இரண்டு பல்லைப் பார்க்க வேண்டும், இரண்டும் சமமில்லை என்றால் குறைவாகப் பாதித்த பல்லுக்கான ஸ்கோரைப் போட வேண்டும். நான் இதை மனப்பாடம் செய்யவே இல்லை. வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் பல்லைப் பார்த்துப் பார்த்தே படிந்துவிட்டது. ஒரு அம்மா, "எந்தப் பேஸ்ட் போட்டால் இந்தக் கறை போகும் டாக்டர்?" என்று கேட்டார். எனாமல் உருவாகும்போதே உள்ளே ஏறிய கறை, பேஸ்ட்டால் போகாது. அவருடைய அடுத்த குழந்தைக்கு அது வராமல் இருக்க வேண்டுமென்றால், அதற்கான வழி குடிக்கிற தண்ணீரில் இருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு கூடாது என்ற வரம்பு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், எல்லாம் அன்றைக்குத்தான் என் பாடமாயின. எந்த டென்டல் சேரில் உட்கார்ந்தும் இந்த வேலையைச் செய்ய முடியாது என்று தெரிந்ததும் பிராஞ்ச்சை முடிவு செய்துவிட்டேன்.

எல்லோருக்கும் இதே பிராஞ்ச்தான் தோன்றும் என்றில்லை. என்னோடு வந்த தோழி, பாக்கும் புகையிலையும் மென்று இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு வாய் இறுகிப்போனவர்களைப் பார்த்துவிட்டு ஓரல் சர்ஜரிதான் என்று உறுதியாகிவிட்டாள். அவளுக்கும் அங்கேதான் தெளிந்தது.

நான் செய்தவை:
- அன்றன்றைக்குப் பார்த்த கேஸை அன்று இரவே எழுதி, பக்கத்தில் பாடப்பகுதியைக் குறித்துக்கொண்டேன். ரிவிஷனுக்கு இந்த நோட்டுதான் முதலில்.
- இண்டெக்ஸ்களைப் பிள்ளைகளை வைத்தே படித்தேன்.
- எஸ்.டி.எஃப். (பல்லில் தடவும் சில்வர் டயமைன் ஃப்ளோரைடு மருந்து) 38 சதவீதம், சொத்தையை நிறுத்தும், கறுப்பாக்கும். தடவும் முன் பெற்றோரிடம் நிறம் மாறும் என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லிச் சொல்லி மனதில் நின்றுவிட்டது.
- அனாடமி, டென்டல் மெட்டீரியல்ஸ் எல்லாம் கேம்ப்பில் வராது. உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும்.
- மாக் டெஸ்ட் குறைவாகத்தான் எழுதினேன். மதிப்பெண் பார்த்தால் பதறுகிற ஆள் நான். உங்களுக்கு அது உற்சாகம் தருமென்றால் நிறைய எழுதுங்கள்.

அப்புறம், சாய்ஸ் லிஸ்ட்டை ரிசல்ட் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். ரேங்க் கையில் வந்த பிறகு வீட்டிலும் சீனியர்களும் அந்த ரேங்க்குக்கு எது பெரிது என்றுதான் பேசுவார்கள். நான் போஸ்டிங் முடிந்த வாரமே எழுதிவிட்டேன், இன்றுவரை வரிசையை மாற்றவில்லை.