தபால் பெட்டியில் அப்பா பெயர்

பிரெஞ்சு படிக்கப் போன இடத்தில், முதல் நாள் வகுப்பில் "மிஸ்யு முருகேசன்" என்று கூப்பிடுவார்கள். யாரும் கை தூக்க மாட்டார்கள். முருகேசன் அந்நேரம் மதுரையில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கட்டையைச் சாய்த்திருப்பார். கூப்பிட்டது அவர் மகன் கார்த்திக்கை.

பிரான்சில் 'நோம்' என்றால் குடும்பப் பெயர், 'ப்ரேனோம்' என்றால் உங்கள் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால், அங்கே இருக்கும்வரை நீங்கள் முருகேசன்தான். இனிஷியல் கதையை விளக்கப் போகாதீர்கள், கவுண்டருக்குப் பின்னால் இருப்பவருக்கு அது புரியாது. விசா, வாடகை ஒப்பந்தம், வங்கி, காப்பீடு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓரெழுத்து பிசகாமல் எழுதுங்கள். ஓரிடத்தில் 'கார்த்திக் எம்.', இன்னோரிடத்தில் 'கே. முருகேசன்' என்று போட்டால் இரண்டு ஆட்களாகிவிடுவீர்கள். பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழை ஊரிலேயே வாங்கி வையுங்கள், மருத்துவக் காப்பீட்டுக்குப் பதியும்போது கேட்பார்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் கோட்டை விடுவது கட்டட வாசலில் இருக்கும் தபால் பெட்டியில்தான். அங்கே கடிதம் கதவு எண்ணைப் பார்த்து வராது, பெட்டியில் ஒட்டிய பெயரைப் பார்த்துத்தான் வரும். பெயர் இல்லையென்றால் 'இந்த முகவரியில் இவர் இல்லை' என்று அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வங்கி அட்டை ஒரு கடிதத்தில் வரும், அதன் ரகசிய எண் வேறொன்றில். இரண்டில் ஒன்று திரும்பிப்போனாலும் கணக்கில் பணம் இருந்தும் கையில் காசிருக்காது. சாவி வாங்கிய அன்றே பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அடுத்தவர் வீட்டில் அறையெடுத்தால் அவர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரும் வேண்டும். வங்கிக்கு அவர் எழுதித் தரும் தங்கல் கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், மின்கட்டண ரசீது மூன்றும் தேவைப்படும். 'வாத்தியார் வீட்டு மூத்த பையன்' என்று எழுதினாலே கொண்டுவந்து சேர்த்துவிடும் நம்மூர் தபால்காரரை அன்றைக்கு நினைத்துக்கொள்வீர்கள்.

நீண்டகால மாணவர் விசாவில் வந்தவர்கள், வந்திறங்கிய மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதைச் செல்லுபடியாக்க வேண்டும். தவறவிட்டால் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்புவது சிக்கல்.

மொழியைப் பார்த்து அவ்வளவு பயப்பட வேண்டாம். 'து', 'வு' இரண்டும் நம் நீ, நீங்கள்தான். ஒரு வித்தியாசம்: கூடப் படிப்பவர் பத்து வயது மூத்தவரானாலும் 'து'தான், அண்ணா அக்கா கிடையாது. ஆசிரியர் தானாகச் சொல்லாதவரை அவருக்கு 'வு'. மூக்கொலிகள் மற்றவர்களைப் படுத்துகிற அளவுக்கு நம்மைப் படுத்தாது. 'பணம்' என்று பேச்சில் சொல்லிப் பாருங்கள், கடைசியில் உதடு மூடாது, ஒலி மூக்கில் போய் முடியும். 'நல்ல' என்ற பொருளுள்ள 'போன்' முடிவதும் ஏறக்குறைய அப்படித்தான். மாட்டிக்கொள்வது 'ஸ்' ஒலியில். மீனும் விஷமும் தமிழில் எழுதினால் ஒரே 'புவாஸோன்'. மீனில் காற்று மட்டும் வரும், விஷத்தில் தொண்டை அதிரும். தொண்டையில் விரல் வைத்துப் பழகிவிட்டு மீன் கடைக்குப் போங்கள். போனதும் முதல் வார்த்தை 'போன்ழூர்', அதாவது வணக்கம். அதை விட்டுவிட்டு விலை கேட்டால் முகம் சுருங்கிவிடும். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள், 97 என்பது 'நான்கு இருபது பதினேழு'. சிரிக்காதீர்கள், தொண்ணூறில் நூறுக்கு என்ன வேலை என்று திருப்பிக் கேட்டால் நம்மிடம் மட்டும் என்ன பதில் இருக்கிறது?

பெட்டியில் பெயர், பையில் அட்டை, வாயில் போன்ழூர் எல்லாம் வந்துவிட்டால் காலூன்றிவிட்டதாகத் தோன்றும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். அக்கம்பக்கத்தில் பல கடைகள் மூடியிருக்கும், அறையில் ரசத்துக்குப் புளி இருக்காது. பாரிஸில் இருப்பவர்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலுக்கு ரயிலேறுவார்கள். அங்கே முருங்கைக்காய் கிடைக்கும், பிரெஞ்சு தேவைப்படாது. அதனால்தான் மாதம் ஒருமுறைக்கு மேல் போக வேண்டாம் என்கிறோம். கல்லாவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் நோம், ப்ரேனோம் எதுவும் கேட்க மாட்டார். "தம்பி எவடம்?" என்பார்.