தலை நனையாத அருவி

சென்ற வாரம் தொலைபேசியில் மதினி கேட்டார்: "அதென்ன தம்பி, எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் உங்கள் ஊரில் லீவு விடுவார்களா?" கேலியாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அங்கே தென்காசியில் கோடை விடுமுறை மே மாதத்தோடு முடிந்துவிடும். சிங்கப்பூரில் மே மாதக் கடைசியில்தான் தொடங்கும், நான்கு வாரம். நம் பிள்ளைகள் போய் இறங்கும் நேரத்தில் பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். டிசம்பரில் போகலாம் என்றால் அவர்களுக்கு அரையாண்டுத் தேர்வு. இதற்கு நடுவே ஜூன் மாத விமான டிக்கெட் விலை வேறு.

ஆகவே இந்த முறை நாங்கள் போகவில்லை; அம்மாவை இங்கே வரவழைத்துக்கொண்டோம். காலையில் நிதானமாகக் காப்பி குடிப்பது, மனம் வந்தால் பஸ் ஏறி எங்காவது போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புவது, மற்றபடி மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கிடப்பது என்று திட்டம். மனைவி இதற்கு மனமார ஒப்புக்கொண்டாள். பெட்டி கட்டுகிற வேலை இல்லையே.

எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. எந்த ரயில் நிலையத்தில் எந்த வாசல் வழியாக வெளியேறினால் வெயில் படாமல் நடக்கலாம் என்பதுவரை தெரியும். ஜூன் மாதத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறுவேன். தென்காசிக்காரன் ஜூனில் வெளியூரில் இருப்பது தண்டனை. தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டியதும் தூறலா வெயிலா என்று தெரியாதபடி சாரல் விழும். சைக்கிளில் போனால் சட்டை நனைந்து, வீடு வருவதற்குள் காய்ந்துவிடும். அண்ணன் தினமும் காலையில் அருவியைப் படம் எடுத்து அனுப்புகிறார். "இன்று ஐந்தருவியில் நல்ல தண்ணீர்" என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இருக்காது. அன்பினால் செய்கிறாரா, வெறுப்பேற்றவா என்று இன்றுவரை விளங்கவில்லை.

அந்தப் படங்களைப் பார்த்த என் மகள், "நம் ஊரிலும்தான் அருவி இருக்கிறதே, ஆச்சியைக் கூட்டிப்போவோம்" என்றாள். அவள் சொன்னது சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் என்ற வணிக வளாகத்தை. கண்ணாடிக் கூரையின் நடுவிலிருந்து 40 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கொட்டுகிறது. கட்டடத்துக்குள் விழும் அருவிகளில் உலகிலேயே உயரமானது. 2019இல் திறந்தார்கள். பார்க்கக் கட்டணம் கிடையாது. சுற்றிலும் அடுக்கடுக்காக மரங்கள், நடுவே ரயில் ஓடுகிறது. அழகுதான், குறை சொல்ல முடியாது.

அம்மா சற்று நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "குளிக்கிற இடம் எங்கே இருக்கிறது ஐயா?"

இல்லை என்றேன். கீழ்த்தளத்தில் அந்தத் தண்ணீர் ஓர் அக்ரிலிக் குழாய்க்குள் இறங்குகிறது. அதைத் தொட்டுப் பார்த்த அம்மா, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஈரமில்லை. "இவ்வளவு தண்ணீரை விழவிட்டு ஒருவர் தலைகூட நனையவில்லை என்றால் என்ன நியாயம்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருடங்களாக எனக்குள் இருந்த புகாரும் அதுதான். மேலும், அருவிக்கு நேர அட்டவணை உண்டு, இரவில் நிறுத்திவிடுவார்கள். குற்றாலத்தில் தண்ணீர் கூடினால் போலீசார் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றுவார்கள். தண்ணீர் மிஞ்சிப்போனதால் குளிக்கவிடாமல் திருப்பி அனுப்பப்பட்ட கோபத்துக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. எண்ணெய் தேய்த்த தலையோடு, ஒரு கையில் துண்டும் மறு கையில் மங்குஸ்தான் பையுமாக பேரருவி வாசலில் நின்று சண்டை போடுவாரே அப்பா, அந்தக் கோபம்.

மங்குஸ்தான் என்றதும் இன்னொன்று. சீசனில் குற்றாலத்துக் கடைகளில் துரியான் பழத்தைக் குழந்தை வரம் தரும் மருந்தென்று யானை விலை சொல்லி விற்பார்கள். இங்கே தெருமுனையில் குவித்து வைத்திருக்கிறார்கள். எம்ஆர்டி ரயிலிலோ அதைக் கொண்டுவரக் கூடாது என்று படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். நம்பவே இல்லை.

உபின் தீவுக்கும் போனோம். சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். நம் ஊர் ஷேர் ஆட்டோ போல ஆள் சேரக் காத்திருந்தது அம்மாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. தீவைப் பற்றி அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, காட்டுப்பன்றியைப் பார்த்ததைத் தவிர.

கடைசியில் அம்மாவை வென்றது செம்பவாங் வெந்நீர் ஊற்று. முதலில் முகம் சுளித்தார். "சீசன் நேரத்தில் வெந்நீரில் கால் வைக்கவா விமானம் ஏறி வந்தேன்?" 1909இல் கண்டறியப்பட்ட ஊற்று, பல காலம் ராணுவ வளாகத்துக்குள் இருந்தது, 2020இல் பூங்காவாக மாற்றித் திறந்தார்கள். ஊறி வரும்போது 70 பாகை. தொட்டி தொட்டியாக வழிந்து கடைசியில் 40 பாகைக்கு இறங்குகிறது. வரிசையாகச் சீனப் பாட்டிகள் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சேலையைக் கொஞ்சம்போலத் தூக்கிச் செருகி, பெருவிரலை மட்டும் நனைத்துப் பார்த்தார். பிறகு கணுக்கால். பிறகு பேச்சே இல்லை.

அங்கே முட்டை வேகவைக்கவும் இடம் இருக்கிறது. 70 பாகையில் மஞ்சள் கரு இறுகும்; வெள்ளை மட்டும் தயிர்போலத் தளதளவென்று நிற்கும். பக்கத்திலிருந்த பாட்டி ஒரு முட்டையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் அம்மா முட்டை தொடமாட்டார் என்பதை மாண்டரினில் எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருக்கையில், அம்மா இரு கைகளாலும் வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பதிலுக்கு முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். பாட்டி கடித்தார், பல்லுக்கு வேலை வைத்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒருவர் முழங்காலை ஒருவர் தட்டிக்காட்டி வெகுநேரம் பேசினார்கள். எந்த மொழியில் என்று கேட்காதீர்கள்.

நாளை மறுபடியும் போகிறோம். வியாழக்கிழமை என்பதை அம்மா இரண்டு முறை உறுதி செய்துகொண்டார். அரை டஜன் முட்டை, மடித்த தாளில் உப்பும் மிளகுப்பொடியும், நிறைய முறுக்கு எல்லாம் தயார். பையின் அடியில் நல்லெண்ணெய்ப் புட்டியும் இருந்தது. இந்த ஊரில் அதெல்லாம் கூடாது அம்மா என்று சொல்லி எடுத்து அலமாரியில் வைத்தேன். அது திரும்பப் பைக்குள் போய்விட்டதாக மகள் வந்து சொல்கிறாள்.