மழை நாளுக்கு சர்வர் அளந்த கதை

அணை, பாசனம், குடிநீர், நிலத்தடி நீர், வெள்ள எச்சரிக்கை என ஐந்து பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரே டேட்டாபேஸ். "எவ்வளவு பெரிய சர்வர் வேண்டும், ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்" என்றுதான் வேலை என்னிடம் வந்தது. ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே "எத்தனை யூசர்?" என்றார்கள். எல்லா மென்பொருளுக்கும் கேட்கிற கேள்வி. ஆனால் இங்கே டேட்டாவை எழுதுவது பெரும்பாலும் மனிதர்கள் இல்லை, களத்தில் நிற்கும் லாகர்கள் (சென்சாரின் அளவீட்டைப் பதிந்து அனுப்பும் கருவிகள்). அதனால் யூசர் பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு சென்சார் பட்டியலைக் கேட்டு வாங்கினேன்.

15 நிமிடத்துக்கு ஓர் அளவீடு என்றால் ஒரு சென்சாருக்கு நாளைக்கு 96 பதிவுகள், வருடத்துக்கு 35,040. 2,000 நிலையங்கள், நிலையத்துக்கு நான்கு சென்சார்கள் என்று வைத்தால் நாளைக்கு 7,68,000, வருடத்துக்கு 28 கோடி. டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸில் பதிவுக்குச் சுமார் 50 பைட் பிடிக்கும் (அதில் பாதி, பதிவைப் பற்றிய உள்குறிப்பான ஹெடருக்கே போய்விடும்). வருடத்துக்கு 14 ஜிபி, அதன்மேல் தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ். நொடிக்கணக்கில் பார்த்தால் ஒன்பது பதிவுகூட இல்லை. இதை ஒரு பழைய லேப்டாப்பே தாங்கும்.

சராசரியோடு நிறுத்தியிருந்தால் அந்த ஒரு பக்கம் அன்றே தயார். ஆனால் லாகர்கள் பேட்டரியை மிச்சப்படுத்த, சேர்த்து வைத்து மணிக்கு ஒருமுறை அனுப்புகின்றன. எல்லாக் கடிகாரமும் சரியாக ஓடுவதால் மணி அடித்த முதல் நிமிடத்திலேயே 32,000 பதிவுகள் வந்து விழும். மழை வலுத்தால் ஐந்து நிமிட இடைவெளிக்கு மாறி, உடனுக்குடன் அனுப்பவும் தொடங்கும். அதே நேரத்தில்தான் ஐந்து பிரிவு ஆட்களும் திரையைத் திறப்பார்கள். சுமை பிரிவுக்குப் பிரிவு வேறு வேறு நேரத்தில் வரும், ஒன்றின் உச்சம் இன்னொன்றின் ஓய்வில் கழியும் என்பதுதான் பொது சர்வர் என்ற யோசனைக்கே அடிப்படை. தண்ணீரில் அது பொய்க்கிறது. எல்லோருக்கும் ஒரே மழை.

அனுப்பும் நேரத்தை நிலைய எண்ணை வைத்துச் சில நிமிடங்கள் தள்ளித் தள்ளி அமைத்தோம். வருவதை முதலில் ஒரு வரிசையில் வாங்கி, மொத்தமாக டேபிளில் ஏற்றினோம். இந்தப் பகுதி சுலபமாகவே முடிந்தது.

சிக்கல் வெள்ளம் வடிந்த பிறகு வருவது. சென்சார் தருவது நீர்மட்டம். நொடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்பதை ரேட்டிங் கர்வ் (எந்த மட்டத்துக்கு எவ்வளவு பாய்வு என்று காட்டும் வரைகோடு) வைத்துக் கணக்கிடுகிறோம். வெள்ளம் ஆற்றுப்படுகையை அரித்துவிட்டால் பழைய கர்வ் செல்லாது. புதிதாக அளந்து, மாதக்கணக்கில் பின்னோக்கிப் போய் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். போஸ்ட்கிரெஸில் அப்டேட் என்றால் புதுப் பதிவு ஒன்று எழுதப்படும், பழையது, செத்த பதிவுகளைத் துப்புரவு செய்யும் வேக்கம் ஓடும் வரை அங்கேயே கிடக்கும். தானியங்கி வேக்கம் வழக்கமான அமைப்பில் டேபிளின் 20% மாறும் வரை காத்திருக்கும். 28 கோடியில் 20% என்றால் ஐந்தரைக் கோடிக்கு மேல் செத்த பதிவுகள்! டேபிளை மாதவாரியாகப் பிரித்தோம். அதைவிட முக்கியமாக, சென்சார் தந்த மூல அளவீட்டை யாரும் எப்போதும் திருத்தக் கூடாது என்று ஒப்புக்கொள்ள வைத்தோம். கணக்கிட்ட பாய்வு தனி டேபிளில், எந்த கர்வ் என்ற பதிப்பு எண்ணோடு சேரும். வன்பொருளில் எவ்வளவு கொட்டினாலும் இந்த ஒரு முடிவு தந்த பலன் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

பிறகு பேச்சுவார்த்தை. எல்லாப் பிரிவும் "உடனே வேண்டும்" என்றார்கள். "பத்து நொடி தாமதமானால் உங்கள் முடிவு ஏதாவது மாறுமா?" என்று ஒவ்வொருவரையும் திருப்பிக் கேட்டேன். மதகு இயக்குபவர், திரை உறைந்தால் போன்தான் கதி என்றார். நிலத்தடி நீர்ப் பிரிவு, இருபது வருடப் போக்கை எடுப்பவர்கள், காலையில் வந்தால் போதும் என்றார்கள்.

அவர்களை ரெப்ளிகாவுக்கு (முதன்மை சர்வரின் நகலாக ஓடும், படிக்க மட்டுமான சர்வர்) அனுப்பினோம். நீண்ட க்வெரிகள் (டேட்டா கேட்கும் கோரிக்கைகள்) பாதியில் ரத்தாயின. முதன்மை சர்வரின் மாற்றங்களைப் பிடிக்க வேண்டிய ரெப்ளிகா, குறுக்கே நிற்கும் க்வெரிக்கு இயல்பாக 30 நொடிதான் பொறுக்கும். பொறுமையைக் கூட்டினால் டேட்டா பழசாகிவிடும். ஆகவே அறிக்கைக்கு ஒன்று, திரைகளுக்கு ஒன்று என இரண்டு ரெப்ளிகாக்கள்.

பட்ஜெட் கேட்டபோது கை கொடுத்தது வரிசைக் கோட்பாடு, அதாவது காத்திருக்கும் வரிசைகளின் கணிதம். எளிய வரிசையில் சர்வர் 50% பிஸி என்றால் பதில் நேரம் இரு மடங்கு, 80% என்றால் ஐந்து, 90% என்றால் பத்து. நொடிக்கு 40 க்வெரி, ஒவ்வொன்றுக்கும் அரை நொடி என்றால் ஒரே சமயத்தில் 20 ஓடும். அதுவே மூன்று நொடியானால் 120. போஸ்ட்கிரெஸின் இயல்பான கனெக்ஷன் வரம்பு 100. அதாவது மெதுவாவதோடு நிற்காது, கதவே அடைபடும். சில கனெக்ஷன்களையே பலருக்கும் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் முன்னால் வந்தது இதற்காகத்தான்.

சோதனைக்கு ஐந்து வருட டேட்டாவை நிரப்பி, ஒரு வெள்ள நாளின் லாகை வேகமாக ஓட்டினோம். சராசரியை விட்டுவிட்டு 95வது பெர்சென்டைலைப் (நூற்றில் 95 கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்பதை) பார்த்தோம். அதில் ஒரு நல்ல செய்தி: வெள்ளத்தன்று எல்லோரும் பார்ப்பது அதே சில நிலையங்களைத்தான். அளவீடே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, திரைக்கு 30 நொடி கேஷ் (ஒருமுறை எடுத்த பதிலையே திரும்பக் காட்டுவது) வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வைத்ததும் படிக்கும் சுமையில் பெரும்பகுதி காணாமல் போனது. கடைசியில் வாங்கிய முதன்மை சர்வர் நடுத்தரமானதுதான்.

திட்டத்தை வருடா வருடம் திருப்பிப் பார்ப்பது என்று எழுதவில்லை. அளவீட்டு இடைவெளி மாறும்போதெல்லாம் பார்ப்பது என்று எழுதினோம். இப்போது ஒரு பிரிவு ஒரு நிமிட இடைவெளி கேட்கிறது. எல்லா நிலையத்துக்கும் என்றால் பதினைந்து மடங்கு. மதகை ஒட்டிய நிலையங்களுக்கு மட்டும் போதுமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன்.