எஸ்டிமேட்டில் இல்லாத கல்

2025 ஆகஸ்ட் 10, ஞாயிறு

சாப்பிட உட்காரும் நேரத்தில் தெருப் பையன்கள் நாலு பேர் வந்து நின்றார்கள். "அண்ணே, அடுத்த தேர்தல்ல நீங்கதான் தலைவருக்கு நிக்கணும்." போன ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, ஊராட்சி தனி அலுவலர் கையில் இருக்கிறது. தேர்தல் தேதியே வரவில்லை, அதற்குள் ஆள் பிடிக்க வந்துவிட்டார்கள். "குத்தம்பாக்கம் இளங்கோ மாதிரி நீங்களும் இன்ஜினியர்தானே!" என்றான் ஒருவன். அடுப்படியிலிருந்து இவள், என் மனைவி, சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

கம்பெனி பஸ் திருமழிசை தாண்டும்போது அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. இப்போது குத்தம்பாக்கம் என்றால் எல்லோரும் புது பஸ் நிலையத்தைத்தான் சொல்கிறார்கள். என் வயதுக்காரர்களுக்கு அது ரங்கசாமி இளங்கோவின் ஊர். அங்கேயே பிறந்த தலித் பிள்ளை. சென்னை ஏ.சி. டெக் கல்லூரியில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்து, ஆயில் இந்தியாவிலும் பிறகு சென்னையில் மத்திய அரசின் ஆராய்ச்சிக் கூடத்திலும் வேலை பார்த்தவர். கள்ளச்சாராயமும் சாதிச் சண்டையுமாகக் கிடந்த ஊருக்கு 1994-இல் வேலையை விட்டுத் திரும்பினார். 1996-இல் தலைவரானார்.

அவர் திரும்பி வர முடிந்ததே, மனைவி வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கியதால்தான். இதை இரவு இவளிடம் சொன்னேன். "சரி, நான் இன்னும் எதுவும் சொல்லலையே" என்றாள்.

ஆகஸ்ட் 13, புதன்

எனக்கு அவர் கதையில் பிடித்தது கால்வாய்தான். ஊருக்குக் கழிவுநீர்க் கால்வாய் கட்ட வேண்டும். பக்கத்திலேயே கிரானைட் பாலிஷ் போடும் இடத்தில் துண்டுக் கற்கள் வீணாகக் கிடந்தன. அதை எடுத்து, ஊர் ஆட்களை வைத்தே கட்டினார். செலவு குறைந்தது, கூலியும் ஊருக்குள்ளேயே நின்றது. ஆனால் எஸ்டிமேட்டில் அந்தக் கல் இல்லை! விதி மீறல் என்று புகார், விசாரணை, சஸ்பென்ஷன்.

நான் இருப்பது குவாலிட்டி கன்ட்ரோலில். எங்களுக்கு இதற்கென்றே 'டீவியேஷன் ஃபார்ம்' உண்டு. காரணத்தை எழுதி மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஊராட்சித் தலைவருக்கு அப்படி ஒரு ஃபார்ம் யார் கொடுத்தார்கள்? அவருக்கு இருந்தது கிராமசபை. கணக்கை அங்கே விரித்து வைத்தார், ஊர் அவர் பக்கம் நின்றது. சஸ்பென்ஷன் ரத்தானது. 2001-இல் மறுபடியும் ஜெயித்தார்.

எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு தாங்கியிருக்குமா என்றால், தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

எல்லாச் சாதிக்காரர்களும் சேர்ந்து வாழ அரசு கட்டிய சமத்துவபுரத்தைப் பற்றிப் பையன்களுக்குச் சொன்னேன். மற்ற ஊர்களில் தனித்தனி வீடுகள். குத்தம்பாக்கத்தில் 50 இரட்டை வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் வேறு சாதிக் குடும்பம், நடுவில் ஒரே சுவர். அதுவும் அந்த மண்ணிலேயே அழுத்திச் செய்த கல்.

"நம்ம ஊர்ல நடக்குமா அண்ணே?" என்றான் ஒருவன். நான் பதில் சொல்வதற்குள் இன்னொருவன் பேச்சை மாற்றிவிட்டான். எந்தத் தெருப் பையன் என்று இங்கே எழுதவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கிராமசபை. பாதி நாற்காலி காலி. வந்தவர்களிலும் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்காரர்கள், கையெழுத்துப் போட்டதும் கிளம்பப் பார்த்தார்கள். வரவு செலவை ஒரே மூச்சில் படித்தார்கள். நான் எழுந்து பள்ளிக்கூடத் தெருக் கால்வாயைப் பற்றிக் கேட்டேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. 'கால்வாய் அமைக்கப்படும்' என்று தீர்மானம் எழுதினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

இவள் எழுந்தாள். "எங்கேருந்து எதுவரைக்கும்? எத்தனை மீட்டர்? அதையும் எழுதுங்க." எழுதுகிற வரைக்கும் உட்காரவில்லை. எழுதியதை வாங்கிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பையன்கள் நாலு பேரும் என் பக்கம் நடக்கவில்லை.