கண் நன்றாக இருந்திருந்தால்

“பெரியவர் வேடிக்கையாகச் சொல்கிறார்” என்று மைக்கில் சொன்னவன் நான். கூட்டமும் சிரித்தது, பெரியவரும் சிரித்தார், ரேஞ்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், டீ வந்துவிட்டது. யாருக்கும் அதில் குறை தெரிந்ததாக நினைவில்லை. எனக்குத்தான் அது செரிக்கவில்லை.

நாட்டுத் துப்பாக்கி ஒப்படைப்புக் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று இந்தப் பக்கத்து வனத்துறையில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தானாக முன்வந்து கொடுத்தால் வழக்கில்லை, கெடு தாண்டினால் உண்டு என்று நாங்கள் சொல்வோம். ஊர் தலையாட்டும். துப்பாக்கி வைத்திருப்பவன் முன்வரிசையில் உட்கார்ந்து, “எங்கள் ஊரில் அந்தப் பழக்கமே கிடையாது” என்பான். இதை மாற்றத்தான் அந்த முறை பெரியவரைப் பேச வைக்கலாம் என்று யோசனை சொன்னேன். ஓசூர்ப் பக்கத்துக் காடுகளில், அஞ்செட்டியிலிருந்து ஜவளகிரி வரை துப்பாக்கி பிடித்த கைகளுக்கெல்லாம் அவர்தான் வாத்தியார். இருட்டில், ஒரே ஈயக்குண்டில், ஓடுகிற பன்றியைச் சாய்த்தார் என்பது போன்ற கதைகளில் பாதியை நான் நம்புவதில்லை. மீதிப் பாதி எங்கள் பழைய கேஸ் கட்டுகளில் இருக்கிறது.

அவர் தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்து அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இளவட்டங்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் துண்டுப் பிரசுரம் சாதிக்காததை அந்த மனிதர் சாதிப்பார் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவருக்கு முன்னால் நான் பேசினேன். நான் எப்போதும் சொல்வது ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் பேரெடுத்த ஜிம் கார்பெட்டின் கதை. 1907இல் சம்பாவத் பெண்புலியைச் சுட்டவர். அது கொன்றவர்கள் 436 பேர் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தப் புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. முன்பு எவனோ சுட்ட குண்டால் வந்த வினை. குறி தவறிய ஒருவன்தான் அத்தனை சாவுக்கும் முதல் காரணம் என்று இந்த இடத்தில் நிறுத்தி முகங்களைப் பார்ப்பேன். பிறகு கார்பெட் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தது, 1936இல் நாட்டின் முதல் தேசியப் பூங்கா அமைய உழைத்தது, அவர் இறந்தபின் அந்தப் பூங்காவுக்கே அவர் பெயரை வைத்தது. சுட்டவன் காவலனானான் என்று முடிப்பேன். பறவைப் பிரியர்கள் யாராவது வந்திருந்தால் சாலிம் அலியையும் சேர்த்துக்கொள்வேன். அவரும் சிறுவயதில் ஏர்கன்னால் சுட்டு வீழ்த்திய மஞ்சள் தொண்டைச் சிட்டு ஒன்றிலிருந்து தொடங்கியவர்தானே.

அடுத்து பெரியவர் எழுந்தார். துப்பாக்கி வேண்டாம், போலீஸ் தொல்லை, பிள்ளைகள் எதிர்காலம் என்று சொல்லிக்கொடுத்ததை நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டார். பிறகு அவராகவே கடமான் கதைக்குப் போனார். காற்று எந்தப் பக்கம் வீசியது, எவ்வளவு நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கருமருந்து நனையாமல் இருக்க எங்கே வைத்திருந்தார்... நான் சொன்னபோது செல்போனைத் தடவிக்கொண்டிருந்த பையன்கள் இப்போது கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். நானும் கேட்டேன். மைக்கை வாங்கிவிடலாமா என்று ஒரு யோசனை ஓடியது, வாங்கவில்லை. அதற்கு வருத்தப்படவும் இல்லை. வேட்டைக்காரன் வேட்டையைப் பற்றிப் பேசாமல் வேட்டையை விட்டதைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்றால் அவனை எதற்காக அழைத்தோம்?

அப்போதுதான் பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: “தாத்தா, கண் நன்றாக இருந்திருந்தால் துப்பாக்கியைக் கொடுத்திருப்பீர்களா?”

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அதையும் துப்பாக்கியையும் நான் ஒருபோதும் சேர்த்துப் பார்க்கவில்லை. அல்லது பார்க்க விரும்பவில்லை. பெரியவர் கொஞ்சம் யோசித்தார். கேள்வியில் குறும்பு இருப்பதாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை; ஒரு வேட்டைக்காரன் இன்னொருவனுக்குப் பதில் சொல்கிற முகம். “மாட்டேன் தம்பி” என்றார்.

உடனே நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

எனக்காக வாதாட வேண்டுமானால் நிறையச் சொல்லலாம். கூட்டம் நடத்துவது என் பொறுப்பு. “கண் தெரிகிறவரை வைத்துக்கொள்ளலாம்” என்ற செய்தியோடு ஊர் கலைந்து போவதை எந்த வனவரும் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அரசு கொடுத்த மைக். அதோடு, அவரை அவமானப்படுத்தவும் இல்லை, சிரிப்போடு கடந்துவிட்டது.

ஆனால் அங்கே உண்மை பேசிய ஒரே ஆளை நான் கோமாளியாக்கிவிட்டேனோ என்றும் தோன்றுகிறது. அவ்வளவு பெரிய வார்த்தை தேவையா என்று உடனே தோன்றுவதும் உண்டு.

அன்று ஜீப்பில் திரும்பும்போது வேட்டைத் தடுப்புக் காவலரான அவருடைய பேரன் பின்னால் உட்கார்ந்திருந்தான். தடம் பார்ப்பதில் எங்கள் ரேஞ்சில் அவனை மிஞ்ச ஆளில்லை. அந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. “தாத்தா விளையாட்டுக்குச் சொல்லவில்லை சார்” என்றான். தெரியும் என்றேன். “அப்படியானால் சரி” என்றான். என்ன சரி என்று நான் கேட்டிருக்கலாம்.

இதற்குப் பிறகுதான் என் கார்பெட் கதையே எனக்கு இடிக்க ஆரம்பித்தது. கேமராவை எடுத்த பிறகு அவர் துப்பாக்கியை வைத்துவிட்டார் என்றுதானே சொல்லிவந்தேன்? போவல்கர் புலியை அவர் சுட்டது 1930இல். அது ஆட்கொல்லி இல்லை. அந்த மாகாணத்து வேட்டைக்காரர்கள் பத்து வருடமாகத் துரத்திய பெரிய உருப்படி, வளைவோடு அளந்தால் 10 அடி 7 அங்குலம். கேமரா மோகம் பிடித்திருந்த அதே காலகட்டம். கடைசி ஆட்கொல்லியான தாக் பெண்புலியைச் சுட்டது 1938இல், அறுபத்து மூன்று வயதில். ஆண்புலியின் குரலில் கூப்பிட்டு வரவழைத்துச் சுட்டார். நான் மேடையில் வரைகிற நேர்கோடு அந்த மனிதரின் வாழ்க்கையில் இல்லை. சம்பாவத்தில் மூன்று தோட்டாவும் தீர்ந்து, தாசில்தாரின் பழைய துப்பாக்கியைக் கடன் வாங்கி வாய்க்குக் குறிவைத்ததும், அது தவறிப் பாதத்தில் பட்டதும் அவரே எழுதிவைத்தவை. அதையும் நான் சொன்னதில்லை. புகழ்பெற்ற குறிகாரன் தவறவிட்ட குண்டைச் சொன்னால் கதையின் கெத்துக் குறைந்துவிடும் என்ற எண்ணமாக இருக்கலாம். அவருக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

வேட்டைக் கதைகள் எழுதிய கென்னத் ஆண்டர்சனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் நான் இந்த வேலைக்கு வந்ததே அவரால். நாங்கள் ரோந்து போகிற இதே ஜவளகிரியும் முத்தூரும் சின்னாறும் அவர் .405 வின்செஸ்டரோடு நடந்த இடங்கள். அப்போது இதெல்லாம் சேலம் மாவட்டம். பள்ளி நாட்களில் அவரைப் படித்தபோது காடு அழிகிறதே என்று அவர் புலம்புகிற பக்கங்களைத் தள்ளிவிட்டு, விரல் விசைக்குப் போகிற பக்கத்தைத் தேடிப்போனவன் நான். ஜவளகிரியில் அவரும் அந்த ஆண்புலிக் குரல் வேலையைத்தான் செய்தார். இணையை யாரோ சுட்டுவிட்டதால் மனிதர்மேல் திரும்பிய பெண்புலி அது. இணையின் குரலைக் கேட்டு வந்து செத்தது. நியாயமாகப் பார்த்தால் கொடுமையான கதை. அந்த வயதில் எனக்கு அது அற்புதமாக இருந்தது. அவருக்கு வழிகாட்டிய, பூசாரி என்ற பழங்குடியைச் சேர்ந்த பைரா திருட்டு வேட்டைக்காரர். ஆண்டர்சன் அதை மறைக்கவே இல்லை. பைரா இன்று என் காவல் எல்லையில் அகப்பட்டால் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ளே போவார், கையெழுத்துப் போடுவது நானாகவே இருக்கும். புத்தகத்தில் அவர்மீது எனக்குக் கொள்ளைப் பிரியம்.

ஆக, துப்பாக்கிக் கதை கேட்டு வளர்ந்த ஒருவன் வேட்டைக்காரனாகத்தான் வேண்டும் என்றில்லை, நானே சாட்சி. பெரியவரைப் பேசவிட்டதற்கு இதைவிட நல்ல வக்காலத்து கிடையாது. ஆனால் என் வீட்டில் துப்பாக்கி இல்லை, எங்கள் ஊரைச் சுற்றிக் காடும் இல்லை. ஓசூர் பஸ் நிலையத்தில் டிக்கெட் எடுத்துத்தான் நான் காட்டைப் பார்த்தேன். பின்வரிசைப் பையனுக்கு இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. என் சாட்சியம் அவனுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்?

கூட்டத்துக்குப் பிறகு சில துப்பாக்கிகள் வந்தன. வழக்கம்போல யாரோ ராத்திரியில் சாக்கில் சுற்றி வைத்துவிட்டுப் போனவை. பெரியவர் பேச்சால் வந்தன என்று ரேஞ்சர் மேலே எழுதினார். கெடு முடிகிற பயத்தில் வந்தன என்பது பேரனின் கட்சி. நான் ரேஞ்சர் கட்சியில் இருக்கவே ஆசைப்படுகிறேன். ஒருவேளை மூன்றாவதாக ஒன்றும் இருக்கலாம்: அந்த “மாட்டேன்” என்ற பதில்தான் வேலை செய்திருக்கிறது என்பது. பொய் சொல்லாத ஒருவர் கொடுத்துவிட்டார், நாமும் கொடுக்கலாம் என்று எவனுக்காவது தோன்றியிருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் நான் மைக்கில் சொன்னது இன்னும் அசட்டுத்தனமாகப்படுகிறது. அதே சமயம், இது நானே எனக்குக் கட்டிக்கொள்கிற கதை என்பதும் தெரிகிறது.

அந்தப் பையனை அதற்குப் பிறகு ஒருமுறை பார்த்தேன். பயிரை மேய்கிற பன்றிகளை, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால், வனத்துறையே சுடலாம் என்று 2025 தொடக்கத்தில் அறிவிப்பு வந்திருந்த சமயம். என்னை நிறுத்திக் கேட்டான்: “சார், அதற்கு ஆள் எடுப்பீர்களா? என்ன படித்திருக்க வேண்டும்?” கண்ணில் கள்ளம் இல்லை. முறையாக, சட்டப்படி, சம்பளத்துக்குச் சுட விரும்புகிறான். என் கார்பெட் கதையைக் கவனமாகக் கேட்டவன் இவன் ஒருவன்தான் போலும். ஊர் கூப்பிட, அரசு அனுமதிக்க, சுட்டுப் பேரெடுத்தவர்தானே கார்பெட்? முதலில் பிளஸ் டூவை முடி என்றேன். வேறு எந்தப் பதிலும் அந்த நேரத்தில் பாதுகாப்பாகத் தெரியவில்லை.

அடுத்த கூட்டத்துக்கும் பெரியவரை அழைக்கச் சொல்லியிருக்கிறார் ரேஞ்சர். இதற்கிடையே அரசு மருத்துவமனை முகாமில் அவருக்கு ஒரு கண்ணில் புரை எடுத்துவிட்டார்கள். இப்போது பேப்பர் படிக்கிறாராம். அழைக்கலாம், ஆனால் கேள்வி நேரம் வேண்டாம் என்றேன். கேள்வி கேட்கவிடாவிட்டால் பையன்கள் யாரும் வரமாட்டார்கள் என்கிறான் பேரன்.

அவன் சொல்வதும் சரிதான். நோட்டீஸ் அச்சுக்குப் போக இன்னும் நாலு நாள் இருக்கிறது.