துணைவியாருடன்

1989இல் தில்லியில் ஒரு செய்திப் பிரிவில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தபோது நான் கற்ற முதல் பாடம், வெட்டுவது. ஆங்கிலச் செய்தி தமிழில் நீண்டுவிடும். வாசிக்கக் கிடைக்கும் நேரமோ நீளாது. எனக்கு மேலே இருந்த பெரியவர் என் தாளை வாங்கிச் சிவப்பு மையால் முதலில் அடித்த இடம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன், துணைவியார் ஜானகியுடன்" என்று தொடங்கியிருந்தேன். "துணைவியார் வந்தாலும் வராவிட்டாலும் செய்தி ஒன்றுதானே அம்மா?" என்றார். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது. பிறகு அந்தச் சொல்லை நானே எத்தனை முறை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை.

மூன்றாம் வேற்றுமைக்கு உடனிகழ்ச்சிப் பொருள் உண்டு என்று பள்ளியில் படித்திருப்போம். தாயோடு குழந்தை வந்தது. குடியரசுத் தலைவர்களின் மனைவியர் எங்கள் செய்திகளில் அந்த வேற்றுமையில்தான் குடியிருந்தார்கள். எழுவாயாக அவர்களை எழுத வாய்த்ததே இல்லை. அரசியலமைப்பிலும் அவர்களுக்கென்று ஒரு பொறுப்பு கிடையாது. ராதாகிருஷ்ணன் 1962இல் பதவியேற்றபோது அவர் மனைவி சிவகாமு இறந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. கலாம் மணம் செய்துகொள்ளவே இல்லை. அந்த நாற்காலி காலியாக இருந்தபோதும் ராஷ்டிரபதி பவன் நடந்தது. ஆகவே வெட்டலாம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

பல ஆண்டுகள் கழித்து, பட்டு பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கும்போது ஜானகி வெங்கட்ராமனின் பெயர் எதிர்ப்பட்டது. ஆந்திரப் பயணம் ஒன்றில், புழுவைக் கொல்லாமல் நெய்த பட்டுப் புடவை கிடைக்குமா என்று அவர் கேட்டிருக்கிறார். அப்படி ஒன்று அப்போது அங்கே கிடைக்கவில்லை. கூட்டுக்குள் இருக்கும் புழுவை, பூச்சியாகி வெளியேறுமுன் கொன்று, கூட்டை வெந்நீரில் போட்டால்தான் இழை அறுபடாமல் வரும். அந்துப்பூச்சி துளைத்துக்கொண்டு வெளியேறிவிட்டால் இழை துண்டு துண்டாகிவிடும். கைத்தறித் துறையில் இருந்த குசும ராஜய்யா அந்தக் கேள்வியை விடவில்லை. பூச்சி பறந்துபோன வெற்றுக் கூடுகளிலிருந்து நூல் நூற்று அகிம்சைப் பட்டு நெய்தார். அவருடைய முயற்சிக்கு விதையாக எல்லோரும் சொல்வது அந்த அம்மையாரின் கேள்வியைத்தான்.

அன்று மாலை ராமகிருஷ்ணபுரம் வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து என் கல்யாணப் புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அரக்குச் சிவப்பு, மடிப்பு விழுந்த இடங்களில் சரிகை கறுத்திருந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் கேட்காத கேள்வி, நானும் கேட்காத கேள்வி. அவர் போன ஊர்களின் செய்திகளை நான் மொழிபெயர்த்த காலம் அது. கேட்டவரின் பெயரை அடித்த கை என்னுடையது.

உஷா நாராயணன் விஷயம் இன்னும் உறுத்துகிறது. பர்மாவில் பிறந்தவர், இயற்பெயர் டின்ட் டின்ட். வெளிநாட்டுப் பெண்ணை மணக்க, அப்போது வெளியுறவுப் பணியில் இருந்த, பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணனுக்கு நேருவின் தனி அனுமதி வேண்டியிருந்தது. 1951இல் தில்லியில் திருமணம் நடந்தது. இந்தக் காதல் கதை எல்லோருக்கும் தெரியும். அவர் பர்மியச் சிறுகதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்பது எங்கள் மேசையில் யாருக்கும் தெரியாது. ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒரு மொழிபெயர்ப்பாளர் ஐந்து ஆண்டுகள் வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

2007இல் பிரதிபா பாட்டீல் வந்தார். 'குடியரசுத் தலைவர்' என்ற நம் சொல் ஆண் பெண் பாராதது. இந்தியில் 'ராஷ்டிரபதி' என்ற சொல்லை வைத்து எழுந்த விவாதம் நமக்குத் தேவைப்படவில்லை. ஆனால் 'கணவருடன்' என்று எழுதும்போது எங்கள் பிரிவில் எல்லோரும் தயங்கினார்கள். வெறும் கணவர் என்றால் மரியாதைக் குறைவாக இருக்கிறதே என்று, தேவிசிங் ஷெகாவத் அமராவதியின் மேயராக இருந்தவர் என்பதைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார்கள். சேர்த்தது சரிதான். அந்தத் தயக்கம் அதுவரை ஒரு பெண்ணுக்காகவும் எங்களுக்கு வரவில்லையே என்றுதான் ஆறவில்லை. அமெரிக்காவைப் போலத் தனி அலுவலகமும் ஊழியர்களும் இங்கே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கடமை என்று எதுவும் எழுதித் தராததால்தான் ஜானகி அம்மையார் மனத்தில் பட்டதைக் கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன். கேட்டதைக் குறித்து வைக்க வேண்டியவர்கள் நாங்கள்.

2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். குடியரசுத் தலைவர் மாளிகை வளாகத்தில் சவிதா கோவிந்த் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் படம் வந்தது. தில்லியின் தங்குமிடங்களில் இருப்பவர்களுக்காக முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தார். படத்தில் அவர் மட்டும்தான். அவர் பெயரில் தொடங்கி, 'தைத்தார்' என்று முடித்து அனுப்பினேன். அரை நிமிடம் அதிகமாகிறது, எதையாவது குறையுங்கள் அக்கா என்று அலுவலகத்திலிருந்து தம்பி ஒருவன் அழைத்தான். வானிலையில் இரண்டு வரி எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.